சிவரூபினியின் காருக்குச் சாத்திய மாலை

“ஓட்டை! பொனெட்டில ஓட்டை! கலியாணம் கிட்ட வந்திட்டுது, இவள் காரை வெட்டி வைச்சிருக்கிறாள்!”

“அம்மா, வெட்டினது என்ர காரை. உங்கட தலையை இல்லை.”

“என்ர தலையை வெட்டியிருந்தாப் பரவாயில்லை. அதை வீடியோ எடுக்க ஆரும் வரமாட்டினம். இது மாப்பிள்ளை வாற கார்! ஊரே பாக்கப்போற கார்!”

“பாக்கட்டும். அதுக்கு நான் என்ன செய்ய?”

“கேட்டியளே இவளின்ர கதையை? இஞ்சேருங்கோ, உங்கட வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையே?”

கடைசிக் கேள்வி அம்பலவாணன் அண்ணைக்கு. அவர் கராஜ் வாசலில் நின்று, மகள் வெட்டியெடுத்த தகரத் துண்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். “வடிவா, நேராத்தான் வெட்டியிருக்கிறாள்” என்றார். அதோடு அவருக்கும் கிடைத்தது.

ரெய்னர்ஸ் லேனில் எங்கள் வீட்டுக்கு நேரெதிர் வீடு அது. சனிக்கிழமை காலை. பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிக்கொண்டு போன சனமெல்லாம் அந்த வாசலுக்கு வந்ததும் வேகத்தைக் குறைத்து, கழுத்தை நீட்டி, தாய் சந்திரவதனாவின் குரலைக் கேட்டுவிட்டுத்தான் போனது. நான் குப்பைப் பெட்டியை உள்ளே இழுக்க வெளியே வந்தேன். குப்பை வண்டி வந்துபோனது வியாழக்கிழமை என்று எனக்கு யாரும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை.

சந்திரவதனா கத்தியதில் நியாயம் இல்லாமலில்லை. எங்கள் ஆட்களின் வழக்கப்படி பெண்வீட்டார் போய்த்தான் மாப்பிள்ளையை அழைத்துவர வேண்டும். லண்டனில் அதற்கு ஆளுக்கொரு வெள்ளைக் காரை வாடகைக்குப் பிடிக்கிறார்கள். குதிரை வண்டியில் வந்து குதிரைக்குப் பயந்த மாப்பிள்ளையும் உண்டு. “எங்களுக்கு வாடகைக் கார் என்னத்துக்கு? வாசலிலயே நிக்குதே” என்று சந்திரவதனா ஹரோ முழுக்கச் சொல்லி முடித்திருந்தார். வாசலில் நிற்பதோ இப்போது நெஞ்சில் ஓட்டையோடு நிற்கிறது.

மகள் சிவரூபினிக்கு முப்பது தாண்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் காது சோதிக்கிற வேலை. அவள் வைத்திருந்ததோ ஐம்பது வயது கடந்த அமெரிக்க மஸ்டாங். கடும் பச்சை, நீள மூக்கு. எங்கள் தெருவில் வரிசையாக நிற்கும் சின்னக் கார்களுக்கு நடுவில், முள்ளங்கிக் கட்டுகளுக்கிடையில் ஒரு பலாப்பழம் வைத்ததுபோல் இருக்கும். ஊராரின் காதைச் சோதிக்கிற பிள்ளை ஊராரின் காதை அடைக்கிற கார் ஓடலாமோ என்று ஒருமுறை கேட்டேன். “எங்களுக்கும் ஆக்கள் வந்தால்தானே அன்ரி வேலை இருக்கும்” என்றாள். வாய் அப்படி.

அந்தக் காருக்கு அவள் சுப்பர்சார்ஜர் பூட்டத் தொடங்கியது அதற்கு முந்தின மாரிக் குளிரில். அது என்ன சாமான் என்று விசாரிக்காமல் எனக்கு நித்திரை வருமா? தெருவைக் கடந்துபோய் அவர்கள் மதிலுக்கு மேலால் கேட்டேன். பிள்ளை பொறுமையாகச் சொன்னது:

“எஞ்சின் தானா எவ்வளவு காத்தை இழுக்குமோ, அவ்வளவுக்குத்தான் அன்ரி பெற்றோலை எரிக்கும். இது எஞ்சினுக்கு மேல இருந்து காத்தை அள்ளி, அமத்தி உள்ளுக்குத் தள்ளும். கூடக் காத்து, கூடப் பெற்றோல், கூட இழுவை.”

“பழைய எஞ்சின் தாங்குமே பிள்ளை?”

“அப்பிடியே பூட்டினா வெடிச்சுப் போயிடும். அதுதான் எஞ்சினைக் கழட்டி உள்ளுக்கு எல்லாம் மாத்திறன். அமத்தத்தையும் குறைச்சுத்தான் வைக்கப்போறன். ரேஸுக்கில்லை, வேலைக்குப் போய்வரத்தானே.”

வேலைக்குப் போய்வர! இங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸே போகிறது.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். எங்கள் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் அவர்கள் கராஜின் பாதி தெரியும். மாரி முழுக்க, வேலையால் வந்ததும் அவள் உடுப்பை மாற்றிக்கொண்டு அதற்குள்தான். சங்கிலி போட்டு எஞ்சினைத் தூக்கினாள், இறக்கினாள், பிடிக்காமல் மறுபடி தூக்கினாள். தகப்பன் லைற் பிடிப்பார். சில வேளை லைற்றைப் பிடித்தபடியே தூங்குவார். அந்தச் சுப்பர்சார்ஜர் பெட்டி எஞ்சினுக்கு மேல் ஏறி உட்கார்ந்ததும் பொனெட் மூடவில்லை. அதனால்தான் வெட்டு. வெட்டப் போவதாக இன்சூரன்ஸ்காரருக்குச் சொல்லியிருந்தாள், தாய்க்குத்தான் சொல்லவில்லை. ஓட்டைக்கு வெளியே, மேல்நோக்கி, முன்னுக்குப் பார்த்தபடி ஒரு அகன்ற வாய். அந்த வாய்க்குள் தூசி போகாமல் ஒரு தடித்த வடிகட்டி.

மாப்பிள்ளை ஹரீஷ் எங்கே என்று கேட்கிறீர்களா? வருவார், வராமல் என்ன. ஞாயிற்றுக்கிழமைகளில் கோப்பியோடு வந்து, கவிழ்த்து வைத்த பெயின்ற் வாளியில் குந்தியிருந்து போன் பார்ப்பார். சிங்கப்பூரிலிருந்து படிக்க வந்து ஹரோவிலேயே தங்கிவிட்ட மெய்யப்பனின் மகன். வங்கியில் கம்பியூட்டர் வேலை. நல்ல சிரிப்பு, நல்ல மரியாதை, பார்க்கவும் குறை சொல்ல ஏலாது. ஆனால் அந்தக் காரில் ஒரு நட்டுக்கூட அவர் கையால் திருகுப்பட்டதை இந்தக் கண் காணவில்லை. இந்தக் கண்ணுக்குத் தப்புவது குறைவு.

ஓட்டைச் சண்டை நடந்த அடுத்த கிழமை மாப்பிள்ளை வீட்டார் கார் பார்க்க வந்தார்கள். ஹரீஷின் தாய் பவளக்கொடி காரை ஒரு சுற்றுச் சுற்றினார். சந்திரவதனா மூச்சுவிடாமல் நின்றார். ஓட்டையைப் பற்றி என்ன வரப்போகிறதோ என்ற பயம். வந்ததோ வேறு.

“அடேயப்பா! ஹரீஷ், இதெல்லாம் நீயே மாட்டுனதாப்பா?”

ஹரீஷ் ஓம் சொல்லவில்லை, இல்லை சொல்லவில்லை. சிரித்தார்.

“பாத்தீங்களா சம்பந்தி, வீட்டுல ஒரு பல்பு மாத்தச் சொன்னா மாத்த மாட்டான். பொண்ணு காருன்னதும் என்னமா வேலை பாத்திருக்கான்!”

அந்த இடத்தில் வாயைத் திறக்கவேண்டிய ஆள் அம்பலவாணன் அண்ணை. மாரி முழுக்க லைற் பிடித்த மனுசன். அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி கண்ணாலே ஒன்று சொன்னார். உடனே அவர், “ஓம் ஓம், தம்பி கெட்டிக்காரன்” என்றார்.

எனக்கு இவ்வளவு எப்படித் தெரியும் என்றால், சீனி கேட்டுப் போயிருந்தேன்.

அவர்கள் உள்ளே போனதும் சிவரூபினி தாயைப் பிடித்தாள். “அப்பா ஏனம்மா அப்பிடிச் சொன்னவர்?”

“சொன்னால் என்ன குறையப்போகுது? மருமகள் முழங்கை மட்டும் எண்ணெய் பூசிக்கொண்டு காருக்குக் கீழ படுத்துக் கிடந்தவள் எண்டு அவைக்குத் தெரியவேணுமே? பெடியன் செய்ததெண்டு நினைச்சா நினைக்கட்டும். அந்த ஓட்டைக்கும் ஒரு மரியாதை வரும்.”

எப்படி நியாயம்? மகள் போட்டால் ஓட்டை, மருமகன் போட்டால் அலங்காரம்.

போகும்போது கேற்றடியில் அவள் ஹரீஷைக் கேட்டாள். “அம்மா கேக்கேக்க ஏன் சிரிச்சனீர்?”

“விடு ரூபி. அவங்க சந்தோஷமா இருக்காங்க. இப்பப் போய் நீதான் பண்ணினேன்னு சொன்னா, ஏன் முதல்லயே சொல்லலைன்னு அதுக்கு வேற ஒரு பஞ்சாயத்து. கல்யாணம் முடியட்டும், நானே சொல்றேன்.”

“ஒரு வசனம் ஹரீஷ். ‘இது ரூபி பூட்டினது.’ அவ்வளவுதான். அதைச் சொல்ல எனக்குத் தாலி கட்டவேணுமே?”

“சொல்றேன்னு சொல்றேன்ல?”

அவள் கேட்டது அந்த ஒற்றை வசனம்தான். நகை கேட்கவில்லை, சேலை கேட்கவில்லை. ஆனால் அந்த வசனம் வராமல், அதற்குப் பதில் மற்றக் கதை ஊரெல்லாம் வந்தது. சாமான் கடையில், தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில், எங்கே நின்றாலும், “அம்பலவாணத்தாருக்கு வாய்ச்ச மருமகன்! பழங்காருக்குத் தானே சுப்பர்சார்ஜர் பூட்டினவராம்!” வாளியில் குந்தியிருந்தவருக்கு இந்தப் புகழ். எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. முருங்கைக்காய் எடுத்துக்கொண்டு நின்ற இடத்தில் கடைக்கார நவரத்தினத்துக்குச் சொன்னேன்: “தம்பி, பூட்டினது பெட்டை. நான் கண்ணாலே கண்டனான்.”

“சும்மா இருங்கோ அக்கா. பெட்டையள் ஸ்பனர் எடுத்துக் குடுத்திருப்பினம்.”

ஊரில் என்ன பொய் சொன்னாலும் நம்புகிற சனம், நான் உண்மை சொன்ன அன்றைக்குத்தான் நம்பவில்லை.

பிறகு கோயில். மாப்பிள்ளை காருக்கு வாகன பூசை செய்யவேண்டும் என்று சந்திரவதனா பிடிவாதம். கோயில் கார் நிறுத்துமிடத்தில் இரண்டு வீட்டாரும் நின்றோம். இரண்டு வீட்டிலும் சேராத நானும் நின்றேன். அர்ச்சனைத் தட்டு பிடிக்க ஒரு ஆள் வேண்டாமா? சிவரூபினி அர்ச்சனை ரிக்கற் வாங்க உள்ளே போனாள். அந்த நேரம் பார்த்து ஹரீஷ் பொனெட்டுக்கு மேலிருந்த வாயிலிருந்து வடிகட்டியைக் கழற்றி டிக்கிக்குள் வைத்தார்.

“ஏன் தம்பி அதைக் கழட்டுறியள்?” என்று கேட்டேன்.

“திறந்திருந்தாத்தான் ஆன்ட்டி போட்டோல கெத்தா இருக்கும்.”

ஐயர் வந்து, “ஆற்ற பேருக்கு அர்ச்சனை?” என்று கேட்டார். காருக்குச் சொந்தக்காரி ரிக்கற்றோடு வந்துகொண்டிருக்கிறாள், இன்னும் வந்து சேரவில்லை. பவளக்கொடி முந்திக்கொண்டார்: “ஹரீஷ். ரோகிணி நட்சத்திரம், ரிஷப ராசி.” அம்பலவாணன் அண்ணை வாயைத் திறந்தார், தொண்டையைச் செருமினார், மூடினார். ஐயர் பாவம், சொன்னதைச் சொன்னார். சிவரூபினி பக்கத்தில் வந்து நின்று தன் காருக்கு வேறு ஆளின் பெயரில் அர்ச்சனை நடப்பதைக் கேட்டாள். முகம் கறுத்தது.

சந்தனம், குங்குமம், கற்பூரம், தேங்காய் எல்லாம் முறையாக நடந்தது. நாலு சில்லுக்கும் நாலு தேசிக்காய் வைத்தார்கள். மாலையை எங்கே சாத்துவது என்று ஐயர் பார்த்தார். மற்றக் கார்களுக்கு முன்னுக்குக் கட்டுவார். இதற்கு பொனெட்டின் நடுவிலேயே ஒன்று எழும்பி நிற்கிறதே, அளவெடுத்துச் செய்ததுபோல! வெள்ளிச் சரிகை சுற்றிய செவ்வந்தி மாலையை அந்த வாய்க்கு வடிவாகச் சாத்தினார். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம்.

அர்ச்சனைக் கோபத்தில் நின்ற சிவரூபினிக்கு மாலையைக் கண்டதும்தான் துடித்தது; வடிகட்டி இல்லாதது மாலைக்குள் மறைந்துபோயிருந்தது. “ஐயா, ஸ்டார்ட் பண்ண முதல் மாலையைக் கழட்டவேணும். அது காத்து இழுக்கிற இடம்.”

கோயில் நிர்வாகத்தில் தில்லையம்பலம் என்று ஒருவர். எதற்கும் ஒரு விதி வைத்திருப்பார். “சாத்தின மாலையைக் கழட்டக்கூடாது பிள்ளை. தேசிக்காய்க்கு மேலால ஏறி, கோயிலை ஒருக்காச் சுத்தி வரட்டும். பிறகு கழட்டலாம்.”

“ஐயா, உங்களுக்கு விளங்கேல்லை...”

“எங்களுக்கு விளங்கும். எத்தினை காருக்குச் செய்திருக்கிறம்.”

“அப்ப நான் எடுக்கிறன், மெதுவா உருட்டிறன்.”

“மாப்பிள்ளை வண்டிய மாப்பிள்ளை எடுக்கிறதுதானே முறை?” என்றார் பவளக்கொடி. “அவனே மாட்டுன வண்டி, அவனுக்குத் தெரியாதா?”

சிவரூபினி ஹரீஷைப் பார்த்தாள். இதுதான் இடம். இதைவிட நல்ல இடம் வராது. ஹரீஷ் அந்தப் பழைய சிரிப்பைச் சிரித்துக்கொண்டு கார்த் திறப்பை வாங்கினார்.

கார் ஸ்டார்ட் ஆனது. சும்மா நின்று உறுமும்போது மாலை இலேசாக நடுங்கியது, அவ்வளவுதான். அதோடு உருட்டியிருந்தால் ஒருவேளை தப்பியிருக்கும். எதிரே நாலைந்து போன் வீடியோ பிடித்துக்கொண்டு நிற்கையில் எந்த மாப்பிள்ளை உருட்டுவார்? அக்சிலேற்றரை ஒரு மிதி.

பாம்பு தவளையை எடுத்ததுபோல் அந்த வாய் மாலையை எடுத்தது. முதலில் பூ, பிறகு சரிகை, கடைசியில் முடிச்சும் குஞ்சமும். எஞ்சினின் சத்தம் ஏறியது. கால் எடுத்தபிறகும் இறங்கவில்லை. உள்ளே காற்றுக் கதவைத் திறந்தபடி நூல் இறுக்கிவிட்டதாம், அது பிறகு கேட்டு அறிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், ஹரீஷ் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, யாரோ துவக்கு நீட்டியதுபோல் இருந்தார் என்பது. தில்லையம்பலத்தார் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிய வேகத்துக்கு எந்தச் சுப்பர்சார்ஜரும் தேவையில்லை. சிவரூபினிதான் பாய்ந்துபோய், ஜன்னலுக்குள்ளால் கையை விட்டுத் திறப்பைத் திருப்பினாள். ஒரு கீச்சு, ஒரு ‘டப்’. பெல்ற் அறுந்து தொங்கியது. செவ்வந்தி கருகின மணமும் பெற்றோல் மணமும்.

“அபசகுனம்! சாமி மாலை இப்படியா ஆகணும்?” என்றார் பவளக்கொடி. தில்லையம்பலத்தார் தூணுக்குப் பின்னாலிருந்து, “என்ன தம்பி, நீர்தானே பூட்டினது? என்ன பிழை விட்டனீர்?” என்று கேட்டார். சுற்றி நின்ற அவ்வளவு கண்ணும் ஹரீஷின் மேல்.

அப்போது வந்தது அந்த வசனம்.

“இல்ல அங்கிள், இது ரூபி மாட்டுனது. எங்கயோ சரியா மாட்டல போல.”

எவ்வளவு நாள் அவள் காத்திருந்த வசனம்! வந்தது, அச்சு அசலாக வந்தது, வாலில் ஒரு நஞ்சோடு. எனக்கு அந்த இடத்திலேயே தட்டால் அடிக்கவேணும்போல இருந்தது. கோயில் தட்டு, அதனால் பொறுத்தேன்.

சிவரூபினி கத்தவில்லை, முதலில். நான் கண்ணைக் காட்ட, டிக்கியைத் திறந்து வடிகட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். “இதை ஆர் கழட்டினது?”

“போட்டோவுக்காக...”

“ஆர் கழட்டினது?”

“நான்தான். ஆனா—”

“நல்லாயிருக்கேக்க உம்மட வேலை. பழுதான உடனை என்ர வேலை. அப்பிடித்தானே? எல்லாரும் தோளில தட்டேக்க ‘இது ரூபி பூட்டினது’ எண்டு சொல்ல உமக்கு வாய் வரேல்லை. இப்ப எப்பிடி வந்தது? எங்கயிருந்து வந்தது?” இப்போது கத்தினாள். கோயில் மணிக்கூண்டுப் புறா எழும்பிப் பறந்தது.

“ரூபி, எல்லாரும் பாக்கிறாங்க.”

“பாக்கட்டும்! நீர் பேர் வாங்கேக்கயும் எல்லாரும்தானே பாத்தவை!”

“என்னம்மா, கட்டிக்கப்போறவனை இப்படியா பேசுறது?” என்று பவளக்கொடி வந்தார். அதற்கு வந்த பதில் சிவரூபினியிடமிருந்து இல்லை. சந்திரவதனா! ஓட்டைக்காகத் தெருவைக் கூட்டிய அதே சந்திரவதனா, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னுக்கு வந்தார்.

“என்ர பிள்ளைன்ர வேலையில என்ன பிழை கண்டியள்? மாரி முழுக்கக் குளிருக்குள்ள நிண்டு செய்தவள்! ஓட்டை போட்டாலும் அளவெடுத்துப் போட்டவள்! உங்கட மகன் வாளியில இருந்து கோப்பி குடிச்சவர்!”

“அப்ப அன்னைக்கு உங்க வீட்டுக்காரர்தானே ‘தம்பி கெட்டிக்காரன்’னு சொன்னார்?”

அம்பலவாணன் அண்ணை ஒரு அடி முன்னுக்கு வந்தார். “பூட்டினது என்ர மகள். நான் பக்கத்தில நிண்டனான்” என்றார், கொஞ்சம் சத்தமாகவே. சிவரூபினி தகப்பனைத் திரும்பிப் பார்த்தாள். “இப்ப சொல்லுறியள் அப்பா” என்றாள். அவ்வளவுதான். மனுசன் பிறகு அந்தக் கிழமை முழுக்க வெளியே காணப்படவில்லை.

கார் பாரவண்டியில் ஏறி வீட்டுக்கு வந்தது. நிச்சயதார்த்த மோதிரம் கூரியரில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனது. சமாதானம் கதைக்க இரண்டு பக்கமும் ஆட்கள் போய் வந்தார்கள். ஒரு சின்ன விசயத்துக்காகவோ, ஒரு மாலைக்காகவோ என்றார்கள். ஹரீஷும் ஒருநாள் தனியாக வந்தார். வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டதும் எனக்குக் கேட்டது. “எல்லார் முன்னாலயும் சொல்றேன் ரூபி, நீ எங்க சொல்லணும்னு சொல்றியோ அங்க வந்து சொல்றேன்.”

“சொல்லிப்போட்டீரே ஹரீஷ். இனி என்னத்தைச் சொல்லப்போறீர்?” என்று கதவைச் சாத்தினாள். மெதுவாகத்தான் சாத்தினாள். அடித்துச் சாத்தியிருந்தால் திரும்பத் திறக்கும் என்று நினைத்திருக்கலாம்.

பிறகு கோடை முழுக்க அவள் அந்தப் பெட்டியைக் கழற்றி, உள்ளே ஒன்றையொன்று தொடாமல் சுற்றுகிற இரண்டு உருளைகளிலும் இறுகிக் கிடந்த சரிகையைக் குறட்டால் இழுத்து இழுத்து எடுத்தாள். உருளைகள் கீறுப்பட்டுப் போய்விட்டன. புதிதாக வரவழைத்துப் பூட்டினாள். லைற் பிடிக்க இந்த முறை தாயும் வந்தார். பிடிக்கத் தெரியாமல் பிடித்து ஏச்சு வாங்கினார்.

ஹரீஷ் அடுத்த வருசமே வான்மதி என்ற பிள்ளையைக் கலியாணம் முடித்தார். கணக்காளர், நல்ல அமைதியான பிள்ளையாம். இருவரும் சிங்கப்பூருக்கே போய்விட்டார்கள், மெய்யப்பனும் பவளக்கொடியும் பின்னாலே போனார்கள்.

சிவரூபினி ஜெஸ்ரினை முடித்தாள். அவளோடு ஆஸ்பத்திரியில் வேலை செய்த நேர்ஸ், கோலியர்ஸ் வுட் பெடியன், தேவாலயம் போகிற வேதக்காரன். “வேதக்காரன் எண்டால் என்ன, மாலை சாத்தச் சொல்லமாட்டான்” என்று சந்திரவதனா எனக்கே சொன்னார். அவனுக்குக் கார் ஓடவே தெரியாது. அமெரிக்கக் காரில் ஸ்டியரிங் இடப்பக்கம் என்பதால், இங்கே கார் ஓடுகிறவர் இருக்கிற வலப்பக்கத்தில் அவன் இருப்பான். பெற்றோல் ஸ்டேஷனில் வெள்ளைக்காரர் அந்தப் பக்கம் போய்க் குனிந்து, நல்ல வேலை செய்திருக்கிறாய் என்று புகழுவார்களாம். பெடியன் சிரிக்கமாட்டான். “அங்கால கேளுங்கோ, அவதான்” என்று கையைக் காட்டிவிடுவானாம்.

இருவரும் பெரிய கராஜ் உள்ள வீடு பார்த்து நோர்தாம்ப்டன் பக்கம் போனார்கள். பேரப்பிள்ளை பிறந்ததும் அம்பலவாணன் அண்ணையும் சந்திரவதனாவும் வீட்டை விற்றுவிட்டு அங்கேயே போய்விட்டார்கள். எதிர்வீட்டுக்கு இப்போது ஒரு போலந்துக் குடும்பம் வந்திருக்கிறது. மின்சாரக் கார். சத்தமே இல்லை. எப்ப வருகினம், எப்ப போகினம், ஆரோடு போகினம், ஒன்றும் பிடிபடுகிறதில்லை.